கறுப்பு வவ்வாலும் சொல்லாமல் போன கடைசி வாக்கியமும்

சங்ககிரியில் பவானி சாலையில், லாரிப் பட்டறைகளுக்கு நடுவே ஒரு ரேடியம் ஸ்டிக்கர் கடை இருக்கிறது. நீலப் பலகையில் வெள்ளை எழுத்து: குணசீலன் ரேடியம்ஸ். அந்தப் பெயரைப் படித்துவிட்டு உள்ளே நுழைகிறவர்கள், கையில் கத்தியோடு தரையில் உட்கார்ந்திருக்கும் மஞ்சுளாவைப் பார்த்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"ஓனர் இல்லீங்களா?"

"புக்கிங் ஆபீசுல இருப்பாருங்க. வேலையச் சொல்லுங்க, ஒட்டிரலாம்."

ஓனர் என்று அவர்கள் தேடும் குணசீலனுக்கு ஸ்டிக்கரின் எந்தப் பக்கம் பசை என்பதுகூடத் தெரியாது. அவன் லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுக்கும் புரோக்கர். வாய்தான் அவனுக்கு மூலதனம். வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நிற்கிற டிரைவரை நாலு வார்த்தையில் சிரிக்க வைத்து குவாஹாட்டிக்கு அனுப்பிவிடுவான். கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், வெள்ளிக்கிழமை தவறாமல் மல்லிகைப் பூ வாங்கி வருவான். அதனால்தான் மஞ்சுளாவுக்கு அவன்மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

கடைக்கு அவன் பெயரை வைத்தவர் அவள் மாமனார் சுப்பையன். "பொம்பளை பேரு போட்ட கடையில எந்த லாரிக்காரன் வண்டிய நிறுத்துவான்?" என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் அது வழக்கம். லாரியின் முன்கண்ணாடிக்கு மேல் மகன் பெயர், பட்டறைக்குப் புருஷன் பெயர். வேலை செய்கிறவள் பெயர் ரேஷன் கார்டில் இருந்தால் போதும். மஞ்சுளாவும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. தன் கையாலேயே அந்த எழுத்துக்களை வெட்டி ஒட்டினாள்.

ரேடியம் என்பது வேறொன்றுமில்லை. விளக்கு பட்டால் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற தாள். முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று பட்டை ஒட்டாமல் எந்த லாரியும் ரோட்டில் ஓடத் தகுதிச் சான்றான எஃப்சி வாங்க முடியாது. இருட்டில் வருகிறவன் கண்ணுக்கு லாரி தெரியவேண்டும் அல்லவா? 'நான் இங்கே இருக்கிறேன், என்னைப் பார்' என்று கத்துவதுதான் அந்தத் தாளின் வேலை. அப்படிப்பட்ட தாளோடு பொழுதெல்லாம் கிடந்தவளுக்குத்தான், யார் கண்ணிலும் படக்கூடாது என்பதற்காகவே செய்யப்பட்ட ஒரு விமானத்தின்மேல் பைத்தியம் பிடித்தது.

எடப்பாடியிலிருந்து வந்த லாரி முதலாளி ஒருவர்தான் அதற்குக் காரணம். புது வண்டியின் பின்பலகையில் ஒரு விமானம் வேண்டும் என்றார். "எல்லாரும் ஒட்டறாப்ல வேண்டாங்க. எவனும் பார்க்காத மாடலா ஒட்டுங்க" என்றார். கடை போனில் தேடிக்கொண்டே போனவள் ஒரு படத்தில் நின்றுவிட்டாள்.

வால் இல்லை. உடம்பு என்று தனியாக ஒன்று இல்லை. முழுக்க முழுக்க இறக்கை. சிறகை விரித்த கறுப்பு வவ்வால் ஒன்று மேகத்தின்மேல் படுத்திருந்தது. பி-2 என்று பெயர். அமெரிக்காக்காரனுடைய போர் விமானம். ராடார் அலை வந்து மோதினால் வந்த வழியே திருப்பி அனுப்பாமல் வேறு பக்கம் சிதறடித்துவிடுமாம். தேடுகிறவனுக்கு அத்தனை பெரிய விமானம் அங்கே இருப்பதே தெரியாதாம்.

அன்று மதியம் மஞ்சுளாவின் சோறு டப்பாவிலேயே ஆறிப்போனது.

'இவ்வளவு பெரிசா இருந்துக்கிட்டு, யாருக்கும் தெரியாம இருக்குதே!' என்று நினைத்தாள். ஏனோ கண் கலங்கியது. அது குண்டு போடுகிற விமானம், யார் வீட்டுப் பிள்ளையின் தலையிலோ விழுகிற குண்டு என்ற நினைப்பும் கூடவே வந்தது. அந்த வேலையை அவளால் நேசிக்க முடியவில்லை. அந்த உருவத்தை நேசிக்காமலும் இருக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஒட்டிக் கொடுக்கிற ஒவ்வொரு லாரியின் பின்பலகையிலும், வலதுபக்கக் கீழ்மூலையில், பளபளக்காத கறுப்புத் தாளில் வெட்டிய உள்ளங்கை அகல வவ்வால் ஒன்று சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டது. காசு வாங்காமல் ஒட்டுவது அது. விளக்கடித்தால் மற்றதெல்லாம் மின்னும், அது மட்டும் மின்னாது. அதைக் கண்டுபிடித்தவன் ஒரே ஒருத்தன், நாக்பூர் ஓட்டும் டிரைவர் மணியன்.

"ஏனுங்கக்கா, எல்லா வண்டியிலயும் மூலையில என்னமோ ஒட்டறீங்களே, திருஷ்டிக்கா?"

"விமானம் சாமி அது."

"விமானமா! வவ்வாலாட்டம் இருக்குது. இத ஒட்டினா என்ற வண்டி போலீசு கண்ணுக்குத் தெரியாமப் போகுமா?"

"போகும். லோடு ஏத்தறவங்க கண்ணுக்கும் தெரியாமப் போகும். பட்டினி கெடப்பே."

"அய்யய்யோ, அப்ப சின்னதாவே ஒட்டுங்க!"

மகள் கிருத்திகாதான் அவளைச் சேலத்தில் இருக்கும் விமான நேசர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டாள். அஸ்தம்பட்டியில் பல் மருத்துவமனை வைத்திருக்கும் மோகன்குமார் என்பவர் நடத்திய குழு. ஞாயிற்றுக்கிழமைகளில் காமலாபுரம் விமான நிலையத்து மதிலோரம் போய் நின்று, வந்து இறங்குகிற சின்ன விமானத்துக்குக் கை காட்டிவிட்டு, டீ குடித்துவிட்டுத் திரும்புகிற கூட்டம். மஞ்சுளா சேர்ந்த அன்றே மோகன்குமாரிடமிருந்து செய்தி வந்தது: 'வருக வருக குணா சார்!'

கடை போன் அது. பெயர் குணசீலன் ரேடியம்ஸ். படம் கடைப் பலகை. வேறு எப்படி அழைப்பார்கள்?

'நான் குணா சார் இல்லீங்க' என்று தட்டிவிட்டு, அனுப்பாமல் அழித்தாள். அதுதான் அவள் செய்த தப்பு. முதலில் கூச்சம். அப்புறம் அந்த 'சார்' இனித்தது. கடையில் ஓனர் இல்லையா என்று கேட்கிற உலகத்தில், இந்தக் குழுவில் மட்டும் அவளோடு சரிக்குச் சரியாகச் சண்டை போட்டார்கள். 'குணா சார், நீங்க சொல்றது தப்பு' என்றார்கள். தப்பு என்று சொல்லக்கூட ஒரு மரியாதை வேண்டாமா? மதிலோரம் கூடுகிற நாட்களில் போக மாட்டாள், யாராவது போனில் கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். 'பட்டறைச் சத்தம், கேட்காது' என்று எழுதிவிடுவாள்.

மற்றவர்கள் எங்கெங்கோ வந்த படங்களைத் தள்ளிவிடுவார்கள். அவள் எழுதினாள். ஞாயிறுதோறும் காலையில் வவ்வாலைப் பற்றி நாலு வரி, பத்து வரி. 'ஞாயிறு வவ்வால்' என்று குழுவே அதற்குப் பெயர் வைத்தது. பல் மருத்துவர் அதை வாசித்துவிட்டுத்தான் பல் விளக்குவதாக எழுதினார். தங்கசாமி என்ற ஓய்வுபெற்ற வங்கிக்காரர், 'குணா, நீங்கள் ஆண்மகனாக இருந்தும் தாய் மனசோடு எழுதுகிறீர்கள்' என்று பாராட்டினார். மஞ்சுளா அன்று கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் கத்தி வழுக்கி விரலில் பட்டது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்தச் செய்தி வந்தது. வவ்வாலுக்கு அடுத்த தலைமுறை விமானம் பறக்கத் தொடங்கிவிட்டது, இதை மெல்ல மெல்ல ஓய்வுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று. குழுவில் துக்கம் கவிந்தது. கண்ணால் ஒருமுறைகூடப் பார்க்காத விமானத்துக்காகச் சேலம் ஜில்லாவில் நாற்பது பேர் கண்ணீர் விட்டார்கள் என்றால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பார்த்ததைத்தான் நேசிக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே.

மோகன்குமார் எழுதினார்: 'அதற்கு நாம் ஒரு விடைகொடுப்பு விழா எடுப்போம். அஸ்தம்பட்டியில் மாடி ஹாலில். குணா சார் வந்து பேசவேண்டும். அவருக்கு மரியாதை செய்கிறோம். எந்தச் சாக்குப்போக்கும் செல்லாது.'

மஞ்சுளா அன்று முழுதும் ஒரு பட்டையைக்கூட நேராக ஒட்டவில்லை. சாயங்காலம் புருஷனுக்குச் சோறு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். குணசீலன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அட! என்ற பேருல இத்தனை நாளா நீ சார் வேஷம் போட்டிருக்கியா புள்ள? கெட்டிக்காரிதான்!"

"சிரிக்காதீங்க. அங்க போயி நாந்தான்னு சொல்லப் போறேன். மறைஞ்சிருந்தது போதுமுங்க."

"நீயா? மைக்கப் புடிச்சா உனக்குக் கையுங்காலும் நடுங்குமே! சும்மா ஒருத்தி எந்திரிச்சு நாந்தான்னு சொன்னா எவன் நம்புவான்?" கையைக் கழுவிவிட்டு வந்து அவள் தோளில் துடைத்துக்கொண்டான். "நான் வாரேன். நானே மேடையேறி, இதெல்லாம் எழுதினது என்ற பொண்டாட்டிதான்னு ஊரறியச் சொல்றேன். புருஷன் வாயால சொன்னாத்தான் உனக்கு மருவாதி. மாரியாத்தா சத்தியமா சொல்றேன், போதுமா?"

மஞ்சுளா தலையாட்டினாள். இதைவிட ஒரு பொம்பளைக்கு என்ன வேண்டும்?

அந்த வாரம் முழுக்க அவன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவள் பேச்சைச் சொல்லிக் கொடுத்தாள். அவள் சொல்வாள், அவன் திருப்பிச் சொல்வான். மகள் கல்லூரிப் பையைக்கூட இறக்காமல் நின்று கேட்பாள். பேச்சின் கடைசி வாக்கியத்தை மட்டும் குணசீலனே சேர்த்தான்: "இத்தனையும் எழுதினது நானில்லீங்க. அதோ உக்காந்திருக்கிறாளே என்ற மஞ்சுளா, அவதானுங்க."

முதல்முறை அதைச் சொல்லும்போது அவன் குரலே தழுதழுத்தது. மஞ்சுளா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுக்கு முன்னால கொஞ்சம் நிறுத்துங்க. மூச்சு விட்டுட்டு அப்புறமேட்டுக்குச் சொல்லுங்க. அப்பத்தான் அது நெஞ்சுல எறங்கும்" என்று அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். அந்தப் பாவி தன் கையாலேயே தன் கழுத்துக்குக் கயிறு திரித்தாள்.

விழா ஞாயிறு மதியம். ஹாலின் வெள்ளைச் சுவரில், ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை வவ்வாலை ஒட்டுவதற்காக மூவரும் முன்னதாகவே போய்விட்டார்கள். துண்டு துண்டாக வெட்டி, சுருட்டிக் கொண்டுபோன கறுப்புத் தாள். மஞ்சுளா சோப்புத் தண்ணீர் தெளித்து, மேஜைமேல் ஏறி நின்று, ஒவ்வொரு துண்டாக வைத்து அட்டையால் அழுத்தித் தள்ளினாள். ஒரு காற்றுக்குமிழி இல்லை, இரண்டு துண்டு சேருகிற இடத்தில் ஒரு மயிரிழை வெள்ளை தெரியவில்லை. கீழே குணசீலன் எல்லோரோடும் கை குலுக்கிக்கொண்டிருந்தான்.

"குணா சார்! நேர்ல பாக்கறப்போ இன்னும் வயசு கொறஞ்சு இருக்கீங்களே!"

"எல்லாம் உங்க அன்புதானுங்க."

யாரோ ஒருவர் மேஜையடியில் வந்து, "ஏம்மா, அந்த எறக்கைய இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க, சார் பேசறப்போ தலை மறைக்கும்" என்றார். மஞ்சுளா தூக்கி ஒட்டினாள். இன்னும் கொஞ்ச நேரந்தானே, அப்புறம் எல்லோருக்கும் தெரிந்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். தங்கசாமி ஐயா விமானத்துக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்கச் சொன்னார். "சார், அது இன்னும் சாகலீங்க, ரிட்டயர்தான் ஆகப்போகுது" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "நானும் ரிட்டயர் ஆனவந்தான் தம்பி, எல்லாம் ஒன்னுதான்" என்றார் அவர். ஹால் சிரித்து ஓய்ந்தது. மோகன்குமார் மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் குரூப்புல நாமெல்லாம் அடுத்தவன் போட்டதத் தூக்கிப் போடறவங்க. சொந்தமா எழுதறவர் ஒருத்தர்தான். குணா சார், வாங்க."

கைதட்டல். குணசீலன் வெள்ளைச் சட்டையில் மேடையேறினான். அவன் பின்னால் கறுப்பு இறக்கை இரண்டு பக்கமும் விரிந்திருந்தது. அவனுக்கே முளைத்த இறக்கை மாதிரி.

"என்ற தொழில் வெளிச்சத்தத் திருப்பி அனுப்பறது. இந்த வவ்வாலோட தொழில் திருப்பி அனுப்பாம இருக்கறது" என்று ஆரம்பித்தான். ஹால் அடங்கியது. மஞ்சுளாவின் உதடுகள் அவனோடு சேர்ந்து அசைந்தன. "யாரும் பாக்காம வேலைய முடிச்சிட்டு வந்து, தன்ற கொட்டாயில சத்தமில்லாம நின்னுக்குது. அத நெனைக்கறப்போ எனக்கு என்ற பட்டறை ஞாபகந்தானுங்க வரும்."

அவள் எழுதியது அடுப்படி. 'என் அடுப்படி ஞாபகம் வரும்' என்பதுதான் அவள் வாக்கியம். அவன் மாற்றிவிட்டான். போகட்டும், வாய்தவறி வந்திருக்கும் என்று அந்தப் பேதை மனசு சமாதானம் சொல்லிக்கொண்டது.

பேச்சு வளர்ந்தது. குண்டைப் பற்றிய வரி வந்தது. கண்ணால் பார்க்காததை நேசிப்பது பற்றிய வரி வந்தது. தங்கசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒவ்வொரு வரியும் அவள் தனிமையில் பெற்று வளர்த்த பிள்ளை. அவன் வாயில் ஏறி அத்தனை பேர் முன்னால் நடந்து போயிற்று. பெருமையா, வலியா என்று அவளுக்கே தெரியவில்லை. கடைசி வாக்கியம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும். அந்த ஒரு வாக்கியம்.

அவன் நிறுத்தினான். அவள் சொல்லிக் கொடுத்த இடத்தில், சொல்லிக் கொடுத்தபடியே. மூச்சு விட்டான். அவளைப் பார்த்தான்.

அந்த இடைவெளியில் ஹால் வெடித்தது. பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். குணசீலன் திகைத்துப்போய் நின்றான். திகைப்பு மெல்ல மெல்ல வேறு ஒன்றாக மாறியதை மஞ்சுளா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். லோடு பிடித்துத் தருகிற புரோக்கருக்கு இதுவரை எவனும் எழுந்து நின்று கை தட்டியதில்லை. வெயிலில் நின்றவன் தலையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினது போல அவன் முகம் மலர்ந்தது.

கைதட்டல் ஓய்ந்தது. அவன் மறுபடி மைக்கை நோக்கிக் குனிந்தான். மஞ்சுளா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நன்றிங்க. வணக்கம்."

அவ்வளவுதான்.

பொன்னாடை போர்த்தினார்கள். கண்ணாடிப் பேழைக்குள் வவ்வால் பொம்மை வைத்த கேடயம் கொடுத்தார்கள். மஞ்சுளா நாற்காலியின் முனைக்கு வந்துவிட்டாள். எழுந்துகொள்ளக் காலை ஊன்றினாள். அப்போது பக்கத்திலிருந்து ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கிருத்திகா.

"வேண்டாம்மா."

"அப்பா மறந்துட்டாரு சாமி. நீயாவது எந்திரிச்சுச் சொல்லு."

"மறக்கலம்மா. உனக்குத் தெரியாதா?" மகள் குரலைத் தாழ்த்தினாள். "இப்பச் சொன்னா அத்தனை பேரும் அப்பாவத் திருடனாட்டம் பாப்பாங்க. பாவம்மா அவரு. விடும்மா."

தன் வயிற்றில் பிறந்த பெண். வாரம் முழுக்கப் பக்கத்தில் நின்று பேச்சைக் கேட்ட பெண். அவளுடைய பிடி இறுகியிருந்தது. அப்பா பாவம். அம்மா? அம்மா எங்கே இருக்கிறாள் என்பதே அந்த ராடாரில் தெரியவில்லை.

கூட்டம் கலைந்தபோது மோகன்குமார் அவளிடம் வந்தார். வெற்றிலை பாக்கும் தேங்காயும் போட்ட மஞ்சள் பையைக் கொடுத்தார். "வெட்டி ஒட்டறதெல்லாம் நீங்கதானாமே. சார் இவ்ளோ எழுதறார்னா வீட்ல உங்க ஒத்துழைப்பு இல்லாம முடியாதுங்க."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்குப் பின்னால் பொன்னாடையோடு நின்ற குணசீலன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கெஞ்சுகிற கண். அந்தக் கண்ணைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்:

"ஆமாங்க."

திரும்புகிற பஸ்சில் குணசீலன் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். மகுடஞ்சாவடி தாண்டியதும் அவன் ஆரம்பித்தான்.

"சொல்லத்தான் புள்ள நெனைச்சேன். அவங்க எந்திரிச்சுக் கை தட்டிப்போட்டாங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?"

மஞ்சுளா மஞ்சள் பையைக் காலடியில் இறக்கி வைத்தாள்.

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள உன்ற பேரு என்ன, என்ற பேரு என்ன? எல்லாம் ஒன்னுதானே."

"ஒன்னுதானுங்களா?" என்றாள் மஞ்சுளா. "அப்ப அந்த ஒன்னுல நான் எந்தப் பக்கம் இருக்கறேன்?"

"அடுத்த வருசம் சொல்லிக்கலாம், விடு."

"வவ்வால் ஒருக்காத்தான் போகுமுங்க."

மஞ்சள் பைக்குள் தேங்காய் ஆடி ஆடி முட்டிக்கொண்டே வந்தது.

அடுத்த ஞாயிறு வந்தது. குழுவில் வழக்கம்போலக் காத்திருந்தார்கள். 'குணா சார், இன்னிக்கு வவ்வால் எங்கே?' என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். குணசீலனின் சொந்த நம்பரும் இப்போது அவர்களிடம் இருந்தது. அவன் போனும் ஓயாமல் அடித்தது. பல் விளக்கின வாயைத் துடைத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டான்.

"ஏம்புள்ள, ஒன்னும் போடலையா? எல்லாரும் என்னையக் கேக்கறாங்க."

"எழுதுங்க குணா சார். நீங்கதானே எழுதறவரு."

அவன் நிஜமாகவே உட்கார்ந்து எழுதினான். வெகுநேரம் நெற்றியைச் சுருக்கி யோசித்து, தன் போனில் ஒரு வரி தட்டினான். மஞ்சுளா எட்டிப் பார்த்தாள். 'வவ்வால் மிக நல்ல விமானம்.' அனுப்புவதற்குள் அவனுக்கே வெட்கம் வந்து அழித்துவிட்டு, எழுந்து போனான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் போன பிறகு கடை போனை எடுத்தாள். இத்தனை வருஷத்தில் அந்தக் குழுவுக்கு அவள் குரல் போனதே இல்லை. பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் மஞ்சுளா பேசறேன். ஞாயிறு வவ்வால் எழுதினது நாந்தானுங்க. அன்னிக்கு மேடையில பேசினதும் என்ற வார்த்தைதானுங்க. இத மொதல்லயே சொல்லாதது என்ற தப்பு. மன்னிச்சுக்குங்க."

விரலை எடுத்தாள். செய்தி போய்விட்டது. நெஞ்சிலிருந்து ஒரு பாறை உருண்டு விழுந்தது.

முதலில் ஒருவர் சிரிக்கிற முகம் போட்டார். இன்னொருவர் கை கூப்பினார். அப்புறம் மோகன்குமார்: 'குணா சார், உங்க போன் மேடம் கையில் மாட்டிக்கிச்சு போல! வீட்ல ஏதோ கோபம். சீக்கிரம் சமாதானம் பண்ணுங்க சார்.' அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு. தாய் மனசோடு எழுதுகிறீர்கள் என்று சொன்ன தங்கசாமியும் சிரித்திருந்தார்.

மஞ்சுளா செருப்பைக்கூட மாட்டாமல் புக்கிங் ஆபீசுக்கு நடந்தாள். இப்போதாவது அவன் சொல்லட்டும். ஒரு வரி. அவன் வாயால் வந்தால் நம்புவார்களே.

ஆபீஸ் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு குணசீலன் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"ஆமாங்க டாக்டர்... அட ஆமாங்க, சும்மா ஒரு கோவம். என்னையப் பேச வெச்சு அவள ஒக்கார வெச்சுட்டாங்கன்னு... பொம்பளைங்கதானுங்களே, விடுங்க. அடுத்த வாரம் போடறேனுங்க."

மேடையில் அவன் செய்ததற்குக் கைதட்டல் மேல் பழி போடலாம். திகைப்பு என்று சொல்லலாம். இது? ஞாயிற்றுக்கிழமைக் காலை வெயிலில், யாரும் எழுந்து நிற்காமல், யாரும் கை தட்டாமல், தானாகச் சொன்ன பொய். மஞ்சுளா அவனைக் கூப்பிடவில்லை. வந்த வழியே திரும்பினாள். காலில் தார் சுட்டது அவளுக்கு உறைக்கவே இல்லை.

கடைக்கு வந்ததும் முதலில் குழுவிலிருந்து விலகினாள். மோகன்குமாரின் போனில் 'குணசீலன் ரேடியம்ஸ் வெளியேறினார்' என்றுதான் காட்டியிருக்கும். வெளியேறும்போதுகூட அவன் பெயர்தான்.

பிறகு ஸ்டூலைப் போட்டு, பழைய ஸ்டிக்கர் உரிக்கிற சூட்டுக் கருவியை எடுத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் ஏறினாள். சூடு பட்டதும் வெள்ளை எழுத்துக்கள் சுருண்டன. 'கு' வந்தது. 'ண' வந்தது. நகத்தால் கிள்ளி, தின்னர் தொட்டுத் துடைத்து, ஒவ்வொன்றாகக் கீழே போட்டாள். சாயங்காலமாகிவிட்டது. கீழே இறங்கி அண்ணாந்து பார்த்தாள்.

பெயர் அப்படியே இருந்தது.

சுற்றியிருந்த நீலம் வெயிலில் வெளுத்திருக்க, எழுத்து இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் கருநீலமாகப் பளிச்சென்று தெரிந்தது. குணசீலன் ரேடியம்ஸ். முன்னைவிட அழுத்தமாக. ஒட்டின பெயரை உரிக்கலாம், அது விட்டுப்போன தடத்தை உரிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியாததா? தெரிந்துதான் ஏறினாள். ஆனாலும் அடிவயிற்றிலிருந்து ஒரு கேவல் கிளம்பியது. பட்டறைச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். வெள்ளை ரேடியத்தில் நாலே எழுத்து வெட்டினாள். மறுபடி ஏறி, அந்தத் தடத்தின் மேலேயே, குறுக்கே வைத்து அழுத்தி ஒட்டினாள். மஞ்சுளா.

இருட்டுகிற நேரத்தில், நாக்பூரிலிருந்து திரும்பியிருந்த மணியன், எஃப்சிக்குப் பட்டை ஒட்ட வண்டியைத் திருப்பினான். முன்விளக்கு பலகைமேல் விழுந்தது. நாலு எழுத்தும் வெள்ளையாகத் தீப்பிடித்து வெளிச்சத்தைத் திருப்பி அடித்தன.

"அடேங்கப்பா! என்னக்கா, கண்ணக் கூசுது!"

அதே நேரத்தில் குணசீலனின் பைக் வந்து நின்றது. கையில் மல்லிகைப் பூப் பொட்டலம். வெள்ளிக்கிழமை இல்லாவிட்டாலும் வாங்கி வந்திருந்தான். பலகையைப் பார்த்தான். அவன் முகத்தில் அந்த எழுத்தின் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்தான்.

மானங்கெட்ட மனசு! அப்போதும், அந்த நிமிஷத்திலும், அந்தக் கடைசி வாக்கியம் வந்துவிடும் என்று மஞ்சுளா காத்துக்கொண்டு நின்றாள்.

"பேர மாத்தினாப் போதுமா புள்ள? ஜிஎஸ்டி என்ற பேர்லதானே இருக்குது."

அவள் பூவை வாங்கவில்லை. பட்டைச் சுருளை எடுத்துக்கொண்டு மணியனின் லாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். சிவப்புப் பட்டை நேராக, ஒரு சுருக்கம் இல்லாமல் ஓடியது. முடித்துவிட்டு எழுந்தாள்.

மணியன் குனிந்து வலதுபக்கக் கீழ்மூலையைத் தடவிப் பார்த்தான். பழைய வவ்வால் தேய்ந்து போயிருந்தது.

"அக்கா, புதுசா வவ்வால் ஒட்டலீங்களா?"

மஞ்சுளா கத்தியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இல்ல சாமி. அது ரிட்டயர் ஆயிருச்சு."